தொகுதி எல்லைகளை இந்தப் பதவிக்காலத்தின் நடுவிலேயே தீர்மானியுங்கள்: மொரீசியஸ் சட்டமன்ற உறுப்பினர்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய சட்டமன்ற உறுப்பினர்களுக்கு, வணக்கம்.

மூன்றாம் தொகுதியான போர்ட் லூயி மரிடைம் – போர்ட் லூயி ஈஸ்டும் சட்டமன்றத்துக்கு மூன்று பேரை அனுப்புகிறது. ஐந்தாம் தொகுதியான பாம்ப்ளேமூஸ் – திரியோலேயும் மூன்று பேரைத்தான் அனுப்புகிறது. ஆனால் மூன்றாம் தொகுதியின் வாக்காளர் தொகை ஐந்தாம் தொகுதியுடையதில் பாதிகூட இல்லை. திரியோலேயில் போடும் வாக்குக்கு ஏன் இவ்வளவு குறைந்த எடை என்று கேட்பவர்களுக்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

இன்றைய 20 தொகுதிகள் சுதந்திரத்துக்கு முந்தியவை. 1950களின் இறுதியில் ட்ரஸ்ட்ரம் ஈவ் ஆணையம் வகுத்த 40 தொகுதிகளை, 1966இல் பான்வெல் ஆணையம் இரண்டிரண்டாகச் சேர்த்தது. பிறகு தலைநகரிலிருந்து ஏராளமானோர் வெளியேறிவிட்டார்கள். மேற்கே தாமரின், ஃபிளிக் ஆன் ஃபிளாக் பக்கம் கரும்பு நிலமெல்லாம் குடியிருப்பாகிவிட்டது. கோடுகளோ இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை.

அரசமைப்பின் 39ஆம் பிரிவு இதற்கு வழி சொல்கிறது. மொரீசியஸ் தீவின் மக்கள்தொகையை, கடைசிக் கணக்கெடுப்பின்படி, 20ஆல் வகுக்க வேண்டும். 2022 கணக்கெடுப்பில் தீவில் இருந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர். ஆகவே ஒரு தொகுதிக்குச் சுமார் 60 ஆயிரம். இந்தக் கணக்கு வாக்காளர் பட்டியலைப் பார்ப்பதில்லை. குழந்தைகள் உட்பட அங்கே வசிக்கும் எல்லோரையும் எண்ணுகிறது. மேடைகளில் இந்த இரண்டையும் குழப்பிப் பேசுவதை நிறுத்துங்கள். இரண்டு உறுப்பினர்களைக் கொண்ட ரொட்ரிக்ஸ் தீவு இந்த வகுத்தலில் சேராது. போக்குவரத்து, நில அமைப்பு, மக்கள் நெருக்கம், நிர்வாக எல்லை ஆகியவற்றுக்காகச் சற்றுக் கூடலாம், குறையலாம் என்கிறது பிரிவு. எத்தனை விழுக்காடு வரை என்று சொல்லவில்லை. பெரிய ஏற்றத்தாழ்வு நுழைவது அந்த இடைவெளியில்தான்.

தேர்தல் எல்லை ஆணையம் பத்தாண்டுக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். நீங்கள் தீர்மானம் நிறைவேற்றிக் கேட்டால், இடையிலும் தந்தாக வேண்டும். வந்த அறிக்கையை நீங்கள் ஏற்கலாம் அல்லது நிராகரிக்கலாம். ஒரு வரியைக்கூடத் திருத்த முடியாது. தன் தொகுதிக்காரருக்கு வேண்டியபடி ஒரு தெருவை உள்ளே இழுத்துக்கொள்ள யாருக்கும் இடம் தராத நல்ல ஏற்பாடு இது. ஆனால் பிடிக்காத அறிக்கையைத் தொடாமலே காலம் கடத்துவது சுலபம். அதைத்தான் செய்யாதீர்கள் என்கிறோம். கையில் இருக்கும் அறிக்கை 2022 கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொள்ளாதது என்றால், புதியதைக் கேட்டுத் தீர்மானம் கொண்டுவாருங்கள். 2024 தேர்தலில் தீவின் 60 இடங்களையும் ஒரே அணி வென்றது. கோடு எங்கே நகர்ந்தாலும் பயப்படத் தேவையில்லாத நிலை இப்படி அடிக்கடி வாய்ப்பதில்லை.

ஏன் நடுவிலேயே? நீங்கள் ஏற்கும் மாற்றம் சட்டமன்றத்தின் அடுத்த கலைப்பின்போதுதான் நடைமுறைக்கு வரும். அதே நாளில் உங்கள் பதவியும் முடிகிறது. மாற்றத்துக்கு உள்ளான ஊரின் மனுக்கள், பாதியில் நிற்கும் வேலைகள் எல்லாவற்றையும் ஒப்படைக்க அன்று எதிரே ஆள் இருக்காது. தேர்தல் முடிந்து வரும் புதிய மூவரும் வெறும் மேசையில் உட்காருவார்கள். கடைசி ஆண்டில் ஏற்றால் இதுதான் நடக்கும். நடுவில் ஏற்றால் இரண்டு ஆண்டு கிடைக்கும்.

அந்த இரண்டு ஆண்டில் செய்யக்கூடியதைச் சொல்கிறோம். இடம் மாறும் ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஒரு தாள் போடுங்கள்: என்ன வேலை, எந்த அலுவலகத்தில், மனு எண், பணம் ஒதுக்கியாயிற்றா, எங்கே நின்றிருக்கிறது. ஒரு பிரதி சி.ஏ.பி. (குடிமக்கள் ஆலோசனை மையம்) அலுவலகத்திலும் ஒரு பிரதி கிராம மன்றத்திலும் இருக்கட்டும். மனுக்காரரின் சொந்த விவரங்களை அவர் சம்மதம் இல்லாமல் அதில் எழுத வேண்டாம். வடிகால் வேலைகளை முதலில் எடுங்கள். கோடு ஒரு சாலை நடுவே ஓடினால், மேட்டுப் பக்கம் ஒரு தொகுதி, பள்ளத்துப் பக்கம் இன்னொரு தொகுதி. மேலே கான் கட்டிவிட்டுக் கீழே விட்டுவிட்டால், முதல் மழையிலேயே பள்ளத்து வீடுகளுக்குள் தண்ணீர் நிற்கும். இப்படிப்பட்ட இடங்களை என்.டி.யு. (தேசிய வளர்ச்சிப் பிரிவு) ஒரே வேலையாக எடுக்கும்படி இரு தொகுதி உறுப்பினர்களும் சேர்ந்தே எழுதிக் கொடுங்கள்.

மக்களுக்கும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள்: சட்டமன்றத் தொகுதி மாறினாலும் உள்ளூர் மன்றம் மாறாது. இருபதாம் தொகுதியில் போ பாசேன் நகராட்சியைச் சேர்ந்தது. பெத்தித் ரிவியேர் பிளாக் ரிவர் மாவட்ட மன்றத்தைச் சேர்ந்தது. நான்காம் தொகுதியிலும் போர்ட் லூயி மாநகரமும் மோந்தாஞ் லோங் கிராமமும் ஒன்றாகவே கிடக்கின்றன. தெருவிளக்கு எரியவில்லை என்றால் எங்கே போவது என்று இப்போதே பலருக்குத் தெரியவில்லை. புது வரைபடத்தோடு, எந்தப் புகார் எந்த அலுவலகத்துக்கு என்ற பட்டியலையும் அச்சிட்டுக் கிராம மன்றங்களிலும் கோவில்களிலும் ஒட்டுங்கள். தமிழிலும் ஒட்டினால் எங்கள் பெரியவர்கள் சிலருக்கு உதவும்.

இன்னொன்று. சமூகப் பிரதிநிதித்துவத்துக்காகத் தோற்ற வேட்பாளர்கள் சிலருக்குச் சிறந்த தோல்வியாளர் முறையில் தரும் எட்டு வரையான இடங்களுக்கு இன்னமும் 1972 கணக்கெடுப்பைத்தான் பார்க்கிறார்கள். அது தனி விவாதம். எல்லை மாற்றத்தை அதோடு முடிச்சுப் போட்டு இரண்டையும் கிடப்பில் போட்டுவிட வேண்டாம்.

தீர்மானம் எப்போது அவைக்கு வரும் என்பதை அந்தந்தத் தொகுதி மூவரும் பகிரங்கமாக அறிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மொரீசியஸ் தமிழ் வாக்காளர்கள் சிலர்