தலைவர்களின் கட்டுரைகளைத் தொகுக்காதீர்கள்: நம் தொகுதியின் கட்சிக் கிளைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கிளைத் தலைவர்கள், செயலாளர்கள், தகவல் பிரிவுப் பொறுப்பாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மலேசியாவில் நம் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரைப் பற்றிய தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரையில் அண்மைக் காலமாக நடந்துவருவதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. சட்டமன்றம் கலைக்கப்படலாம் என்ற பேச்சு எழுந்ததிலிருந்து ஒரு தரப்பு பத்திகளை நீக்குவதும், மறு தரப்பு அதே இடத்தில் வசைச்சொற்களை எழுதுவதும், இரண்டையும் மீளமைத்துக் களைத்த நிருவாகிகள் கடைசியில் பக்கத்தைப் பூட்டியதும் நீங்கள் நன்கு அறிந்தவையே. நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். உங்கள் தலைவரைப் பற்றிய கட்டுரையையும் எதிரணித் தலைவரைப் பற்றிய கட்டுரையையும் நீங்கள் நேரடியாகத் தொகுக்க வேண்டாம். பிழை இருந்தால் சான்றோடு அக்கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் (திருத்தங்களை விவாதிக்கும் பக்கத்தில்) தெரிவியுங்கள். கட்சி சாராத பயனர்கள் சரிபார்த்துத் திருத்தட்டும்.

நீக்கப்பட்ட பத்தி மிகச் சிறியது. தோட்டம் மேம்பாட்டுக்காக விற்கப்பட்டபோது அங்கு வேலை செய்த குடும்பங்களுக்கு வரிசை வீடுகள் கட்டித் தரப்படும் என்று சட்டமன்ற உறுப்பினர் தேர்தல் நேரத்தில் சொன்னதும், அடிக்கல் நாட்டப்பட்டதும், வீடுகள் இன்னும் கட்டப்படவில்லை என்று சட்டமன்றத்திலேயே பதில் தரப்பட்டதும் அதில் இருந்தன. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நாளிதழ்ச் செய்தியோ சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்போ மேற்கோளாக இருந்தது. அதில் புகழ்ச்சியும் இல்லை, பழியும் இல்லை. அந்த இடத்தில் இப்போது, "தோட்டத் தொழிலாளர்களுக்கான வீடமைப்புத் திட்டத்தை வெற்றிகரமாக நிறைவேற்றினார்" என்று எந்தச் சான்றும் இல்லாத ஒரு வரி நிற்கிறது. பக்கம் பூட்டப்பட்டது இந்த வரியோடுதான்.

இந்த ஒரு வரி என்ன செய்தது என்பதை நான் நேரில் பார்த்தேன். பால்மரம் வெட்டியே வாழ்நாளைக் கழித்த, எழுபது வயதைக் கடந்த ஒரு பாட்டி, வீட்டு விண்ணப்பத்தின் நிலையைக் கேட்க ஓர் அரசாங்க அலுவலகத்துக்குச் சென்றபோது நானும் துணைக்குப் போயிருந்தேன். பிளாஸ்டிக் கோப்பில் பழைய வேலை அட்டை, ஊழியர் சேமநிதிக் கணக்கு, தோட்ட நிர்வாகத்தின் முத்திரை குத்திய கடிதம் என்று எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிக் கொண்டுவந்திருந்தார். முகப்பில் இருந்த தமிழ் ஊழியர் திட்டத்தின் பெயரைக் கைப்பேசியில் தேடினார். முதலில் வந்தது அந்தக் கட்டுரைதான். "பாட்டி, வீடெல்லாம் கொடுத்து முடிச்சாச்சுன்னு இதிலே போட்டிருக்கே. நீங்க முதல்ல ஒய்.பி. (சட்டமன்ற உறுப்பினர்) ஆபிசில கேட்டுட்டு வாங்க" என்று சொல்லிக் கோப்பைத் திறக்காமலேயே திருப்பிக் கொடுத்தார். அந்த ஊழியர் மீது எனக்குக் கோபமில்லை. அவர் கண்ணில் பட்டதைப் படித்தார். பாட்டியோ, "கொடுத்துட்டாங்கன்னா அந்த வீடு எங்கே இருக்குன்னு கேளு தம்பி" என்று என்னிடம் சொன்னார். அவருடைய லயத்து வீட்டின் நாகத் தகட்டுக் கூரை இன்றும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது.

அந்த வரியை எழுதியவர் யாராக இருந்தாலும், அவர் தம் தலைவருக்கு வாக்குச் சேகரிப்பதாக நினைத்திருப்பார். ஆனால் அவர் அழித்தது ஒரு குடும்பத்தின் கோரிக்கைக்கு இருந்த பொதுச் சான்றை. நான் தோட்ட அலுவலகத்தில் கிராணியாக (எழுத்தராக) இருப்பவன். செக்ரோலில் (வருகை, சம்பளப் பதிவேட்டில்) ஒருவரின் பேர் தவறாக ஏறிவிட்டால் அதைச் சுரண்டி அழிக்க மாட்டோம். குறுக்கே ஒரு கோடு போட்டு, சரியானதை மேலே எழுதி, பக்கத்தில் கையெழுத்திடுவோம். சம்பளத் தகராறு வந்தால் தொழிலாளிக்கும் நிர்வாகத்துக்கும் அந்தக் கோடுதான் சாட்சி. விக்கிப்பீடியாவிலும் எந்தப் பயனர், எந்த நிமிடத்தில், எந்த வரியை எடுத்தார் என்பது பக்கத்தின் வரலாற்றில் அப்படியே நிற்கிறது. யாருக்கும் தெரியாது என்ற நம்பிக்கையில் உங்கள் இளைஞர்கள் அதைச் செய்திருந்தால், தயவுசெய்து அவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

எதிரணிக் கிளையினருக்கும் நான் இதையே சொல்ல வேண்டியிருக்கிறது. மேற்கோளோடு இருந்த அந்தப் பத்தியை மீட்டு வைத்திருந்தாலே போதும். உண்மை உங்கள் பக்கம்தான் இருந்தது. நீங்களோ "துரோகி" என்று எழுதினீர்கள், அவருடைய சாதியை எழுதினீர்கள், அவர் மகள் படிக்கும் பள்ளியின் பெயரை எழுதினீர்கள். அந்தப் பிள்ளை எந்தத் தேர்தலில் நின்றது? 2005ஆம் ஆண்டு ஜான் சைகந்தாலர் என்ற மூத்த அமெரிக்கப் பத்திரிகையாளரைக் கென்னடி சகோதரர்களின் கொலையோடு தொடர்புபடுத்திய பொய் ஒன்று ஆங்கில விக்கிப்பீடியாவில் ஏறக்குறைய நான்கு மாதங்கள் கிடந்தது. அதற்குப் பிறகுதான் உயிரோடிருக்கும் மனிதர்களைப் பற்றிய விதிகள் கடுமையாக்கப்பட்டன. அவர்களைப் பற்றிச் சான்றில்லாமல் எழுதப்படும் பாதகமான கூற்றை உடனே நீக்க வேண்டும் என்பது அவ்விதிகளுள் முக்கியமானது. அது உங்கள் தலைவரையும் காக்கிறது, எதிரணித் தலைவரையும் காக்கிறது.

வழக்குகளைப் பற்றி எழுதும்போது இந்தக் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். ஊழல் தடுப்பு ஆணையம் ஒருவரை விசாரித்தது என்பது வேறு, அவர்மீது நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டது என்பது வேறு, அவர் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டது என்பது வேறு. நம் நாட்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 254ஆம் பிரிவின்படி அரசுத் தரப்பு வழக்கைத் தொடராமல் விட்டு நீதிமன்றம் ஒருவரை விடுவித்தாலும், அது முழு விடுதலையாக இல்லாமல் போகலாம். அதே குற்றச்சாட்டு பின்னர் மீண்டும் கொண்டுவரப்பட இடமுண்டு. இத்தகைய நேரத்தில் ஆதரவாளர் "நிரபராதி" என்று எழுதுகிறார், எதிர்ப்பாளர் "தப்பித்துக்கொண்டார்" என்று எழுதுகிறார். நீதிமன்றம் என்ன உத்தரவிட்டதோ அதைத் தேதியோடு எழுதினால் போதும்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய நோய் அன்று. அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் மார்ட்டி மீஹனின் அலுவலக ஊழியர்கள், அவரைப் பற்றிய கட்டுரையை அகற்றிவிட்டுத் தாங்கள் எழுதிய அறிமுகத்தை அங்கே இட்டிருந்தது 2006ஆம் ஆண்டு வெளிச்சத்துக்கு வந்தது. அவர்கள் எடுத்தவற்றுள், இத்தனை தவணைகளுக்கு மேல் பதவியில் இருக்கமாட்டேன் என்று அவர் கொடுத்துப் பின் காப்பாற்றாமல் விட்ட வாக்குறுதியும் ஒன்று. அதை எடுத்ததால் வாக்குறுதி மறைந்துவிடவில்லை. எடுத்த செய்தியும் சேர்ந்துகொண்டது. ஊதியம் பெற்றுத் தொகுப்பவர்கள் அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்று விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதிகள் 2014 முதல் கூறுகின்றன. சட்டமன்ற உறுப்பினரின் மக்கள் சேவை மையத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு இந்த வேலையைச் செய்பவர்களையும் அந்த விதி கட்டுப்படுத்தும்.

நடுநிலையாக எழுதினால் தலைவரின் பெருமை குறைந்துவிடும் என்று ஒரு கிளைச் செயலாளர் என்னிடம் வருத்தப்பட்டார். சாமிவேலுவை எடுத்துக்கொள்ளுங்கள். 1974 முதல் 2008 வரை சுங்கை சிப்புட் நாடாளுமன்ற உறுப்பினர், 1979 முதல் 2010 வரை ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர், நெடுங்காலம் பொதுப்பணி அமைச்சர். 2001இல் தொடங்கப்பட்ட ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தின் பின்னால் அவருடைய முயற்சி இருந்தது. தோட்டத் தொழிலாளர்களும் சேமிப்பைப் போட்ட, ம.இ.கா.வின் முதலீட்டு நிறுவனமான மைக்கா ஹோல்டிங்ஸ் அவர்களை ஏமாற்றத்தில் விட்டதும், டெலிகோம் என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பங்குகள் குறித்துச் சர்ச்சை எழுந்ததும், தவறு எதுவும் செய்யவில்லை என்று அவர் மறுத்ததும், 2008இல் டாக்டர் மைக்கல் ஜெயகுமாரிடம் அவர் தோற்றதும் அதே வாழ்க்கையில் நடந்தவைதாம். இவை அனைத்தும் ஒரே கட்டுரையில் சான்றோடு நிற்கலாம், நிற்கவும் வேண்டும். அவரை நேசித்தவர்களும் வெறுத்தவர்களும் நம் ஊரில் இன்றும் இருக்கிறார்கள். இரு சாராரின் பேரப்பிள்ளைகளும் அந்தக் கட்டுரையைத்தான் படிக்கப் போகிறார்கள்.

இன்னொரு ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் அப்போதைய ம.இ.கா. தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதி கூட்டுறவுச் சங்கத்தில் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டி நிலத்தில் பங்கு சேர்த்தவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். அவர்கள் வாழ்ந்த தோட்டங்கள் எத்தனையோ இன்று தாமான்களாக (வீடமைப்புப் பகுதிகளாக) ஆகிவிட்டன. அவற்றுள் பலவற்றுக்குத் தமிழில் ஒரு கட்டுரைகூட இல்லை. எந்த ஆண்டு திறக்கப்பட்டது, கோயிலை யார் கட்டினார்கள், தமிழ்ப்பள்ளி எங்கே இடம் மாறியது என்பதெல்லாம் முதியவர்களோடு போய்க்கொண்டிருக்கின்றன. உங்களிடம் பழைய படங்களும் கூட்டக் குறிப்புகளும் நாளிதழ்த் துணுக்குகளும் இருக்கின்றன. எழுதத் தெரிந்த, கணினி தெரிந்த இளைஞர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய இரவு நேரத்தையெல்லாம் ஒரு மனிதரின் பெயருக்கு முன்னால் அடைமொழி சேர்ப்பதிலும் அழிப்பதிலும் செலவழிக்கச் செய்வது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

ஆகவே மீண்டும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். உங்கள் அடுத்த கிளைக் கூட்டத்திலேயே, நம் தொகுதி அரசியல்வாதிகளின் கட்டுரைகளைக் கட்சி உறுப்பினர் எவரும் நேரடியாகத் தொகுக்கக் கூடாது என்று முடிவெடுத்து உறுப்பினர்களுக்கு அறிவியுங்கள். நீக்கப்பட்ட பத்தியை அதன் மேற்கோள்களோடு அக்கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் இட்டிருக்கிறேன். அதில் எந்த வாக்கியமாவது தவறு என்று கருதினால் சான்றைக் காட்டுங்கள், திருத்த நானே குரல் கொடுக்கிறேன். மறுப்பு இல்லையென்றால், அந்தப் பத்தியைத் திரும்பச் சேர்க்கும்படி நிருவாகிகளைக் கேட்பதில் நீங்களும் உங்கள் பெயரோடு கையொப்பமிடுங்கள். பாட்டியின் விண்ணப்பத்தை அடுத்த மாதம் மறுபடியும் கொண்டுபோகிறோம். அதற்கு முன்பே இது நடக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

இப்படிக்கு,
தோட்டக் கிராணி ஒருவர்,
தமிழ் விக்கிப்பீடியாவின் தன்னார்வப் பயனர்