புற்றுநோய்க்குப் பின் ஆயுர்வேதம்: இரு மருத்துவருக்கும் தெரிய வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்தவர்கள் உடல் தேற ஆயுர்வேதத்தை நாடலாம் என்று சென்ற ஞாயிறு மலரில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அதன் நோக்கத்தோடு எனக்குப் பிணக்கு இல்லை. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை, கீமோ, கதிரியக்கம் மூன்றையும் கடந்து வந்து, தேறும் காலத்தில் ஆயுர்வேதத்தால் பயன் கண்டவர்களில் நானும் ஒருத்தி. ஆனால், ‘இயற்கையானது என்பதால் பக்க விளைவே கிடையாது’ என்று கட்டுரையாளர் இரண்டு இடங்களில் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

கதிரியக்கம் முடிந்த கையோடு எனக்கு டமோக்சிஃபென் எழுதிக் கொடுத்தார்கள். நோய் திரும்பாமல் இருக்கப் பல ஆண்டுகள் விடாமல் சாப்பிட வேண்டிய மாத்திரை அது. அந்தச் சமயத்தில் சென்னையிலிருந்து வந்திருந்த என் நாத்தனார், மஞ்சளிலிருந்து பிரித்தெடுக்கும் குர்க்குமினும் மிளகுச் சத்தும் கலந்த மஞ்சள் குளிகைப் புட்டிகள் நான்கைக் கையில் திணித்துவிட்டுப் போனார். ஏறக்குறைய ஐந்து மாதம் சாப்பிட்டேன். மருத்துவமனையில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொன்னால் கடிந்துகொள்வார்களோ என்ற பயம் ஒரு பக்கம், மஞ்சள்தானே என்ற அலட்சியம் ஒரு பக்கம். பிறகு ஒரு நாள், மருந்து கொடுக்கும் முகப்பில் இருந்த இளம் மலாய்ப் பெண், ‘ஆண்டி, வீட்டில் சாப்பிடுவது எல்லாவற்றையும் அடுத்த முறை ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள்’ என்றார். கொண்டுபோன பிளாஸ்டிக் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார்: டமோக்சிஃபென், ரத்த அழுத்த மாத்திரை, கால்சியம், மஞ்சள் குளிகை, அமுக்கராப் பொடி, பாதி தீர்ந்த சியவனப்பிராசம். மஞ்சள் புட்டியின் பொடி எழுத்தை அவர் கண்ணருகே வைத்துப் படித்துக்கொண்டிருந்த நேரம் முழுவதும் என் பின்னால் வரிசை நீண்டுகொண்டே இருந்தது.

அவர் விளக்கிய பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. டமோக்சிஃபெனைக் கல்லீரல் எண்டாக்சிஃபென் என்னும் பொருளாக மாற்றுகிறது. வேலை செய்வது பெரும்பாலும் அதுதான். நெதர்லாந்தில் ரொட்டர்டாம் நகர மருத்துவர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வொன்றில், இந்த மாத்திரையைச் சாப்பிட்டு வந்த பெண்களுக்கு 1,200 மில்லிகிராம் குர்க்குமினை நாளுக்கு மூன்று வேளை, மிளகுச் சத்தோடு கொடுத்துப் பார்த்தபோது, ரத்தத்தில் எண்டாக்சிஃபெனின் அளவு சுமார் 12 விழுக்காடு குறைந்தது. மிளகு இல்லாமல் கொடுத்தபோது குறைவு அவ்வளவு இல்லை. மிக சிறிய ஆய்வு என்பதையும் சொல்ல வேண்டும், பங்கெடுத்தவர்கள் 16 பேர்தான். குழம்பில் போடும் அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆகவே யாரும் சமையலில் மஞ்சளை நிறுத்த வேண்டாம். ஆனால் புட்டியில் அடைத்த சத்து வேறு சமாச்சாரம். நோய் திரும்பாமல் இருக்க ஒன்றைச் சாப்பிட்டுக்கொண்டு, அதன் வீரியத்தைக் குறைக்கக்கூடிய இன்னொன்றையும் நானே காசு கொடுக்காமல் சாப்பிட்டிருக்கிறேன்.

மூலிகைக்கு வலிமை இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்துதான் வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின் என்னும் இரண்டு கீமோ மருந்துகள் பிறந்தன. அவற்றை உடலில் ஏற்றிக்கொண்டவர்களிடம் பக்க விளைவு உண்டா என்று கேட்டுப் பார்க்கலாம். செடியால் நோயை அடக்க முடியும் என்று நம்புகிறவர்கள், அதே செடியால் கல்லீரலைக் கெடுக்கவும் முடியும் என்பதை ஏன் நம்ப மறுக்கிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. அமுக்கரா, சீந்தில் இரண்டாலும் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உள்ளன. அதிமதுரத்தை நெடுநாள் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும்.

எண்ணெய்த் தேய்ப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. என் இடது அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்திருக்கிறார்கள். அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்கவோ ஊசி போடவோ வேண்டாம் என்று மருத்துவமனை மிஸ்ஸி (தாதி) என்னிடம் சொல்லித்தான் அனுப்பினார். நான் முதலில் போன நிலையத்தில் அதை யாரும் கேட்கவில்லை. சூடான எண்ணெயை ஊற்றி, தோளிலிருந்து விரல் வரை அழுத்தித் தேய்த்தார்கள். அன்று சுகமாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் காலை இடது கை வளையல் மணிக்கட்டில் இறுகிக்கொண்டு நகர மறுத்தது. சோப்பு போட்டும் கழலாமல், கடைசியில் என் மகன் கம்பி வெட்டும் குறட்டால் அதை வெட்டி எடுத்தான். வீக்கம் தணியச் சில மாதங்கள் ஆயின, இன்றும் அந்தக் கையில் அழுத்த உறை மாட்டித்தான் துணி துவைக்கிறேன். தேய்ப்புதான் காரணம் என்று நூற்றுக்கு நூறு சொல்ல முடியாது, அறுவைக்குப் பிறகு தானாகவும் வீக்கம் வருவதுண்டு. ஆயினும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்தது பெரிய தவறு. அதைவிட என்னை வருத்தியது, ‘இங்கே வருவதை ஆஸ்பத்திரியில் சொல்ல வேண்டாம், அவர்களுக்குப் பிடிக்காது’ என்று அங்கிருந்தவர் சொன்ன புத்திமதி.

பிறகு உறவினர் ஒருவர் ஜார்ஜ்டவுனில் இன்னொரு வைத்தியரிடம் அழைத்துச் சென்றார். அவர் நாடி பார்க்கும் முன்பே, கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாளைக் கேட்டார். ‘வெள்ளணு எண்ணிக்கை தேறாதவருக்குப் பேதியும் கிடையாது, வஸ்தியும் கிடையாது’ என்றார். வஸ்தி என்பது ஆசனவாய் வழியே மருந்து நீரைச் செலுத்துவது. மெலிந்து தளர்ந்தவர்களுக்குச் சுத்திகரிப்புச் சிகிச்சை ஆகாது என்று பழைய ஆயுர்வேத நூல்களே விலக்கி வைத்திருப்பதையும், கிருமி எதிர்ப்பு குறைந்த உடலில் வஸ்தி தொற்றுக்கு வழிவிடும் என்று புற்றுநோய் மருத்துவர்கள் சொல்வதையும் அவர் சேர்த்தே விளக்கினார். எனக்குக் கசாயம் எதுவும் தரவில்லை. தந்தது கஞ்சி முறைதான். முதலில் வடித்த கஞ்சித் தெளிவு, இரண்டு நாள் கழித்துப் பருக்கை கலந்த நீர்க்கஞ்சி, பிறகு கெட்டிக் கஞ்சி, அதன்பின் பாசிப்பயற்று ரசம். சிறு நெருப்பை முதலில் புல்லும் வறட்டியும் இட்டு வளர்ப்பதைப் போலப் பசித்தீயை வளர்க்க வேண்டும் என்று நூல்களில் உவமை இருக்கிறதாம். வாய்ப்புண்ணால் தண்ணீர்கூட எரிந்த எனக்கு, இந்துப்பும் வறுத்த சீரகமும் சேர்த்த அந்தத் தெளிவு முதல் முறையாக முழுசாக உள்ளே போனது. கஞ்சி மட்டும் போதாது, புரதம் வேண்டும் என்று மருத்துவமனை உணவியலாளர் முட்டையும் பருப்பும் சேர்க்கச் சொன்னபோது வைத்தியர் மறுப்புச் சொல்லவில்லை. இரவில் உள்ளங்காலில் மட்டும் நல்லெண்ணெய், மாலையில் மெதுவான யோகப் பயிற்சி. சிகிச்சை முடித்த 410 பேரை வைத்து அமெரிக்காவில் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், யோகம் செய்தவர்களுக்கு உறக்கம் மேம்பட்டது தெரிந்தது. என் விஷயத்திலும் அப்படியே. முக்கியமாக, என்ன கொடுத்தார் என்பதை அவர் தம் கைப்பட எழுதி, ‘இதை உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள்’ என்றார். காட்டினேன். டாக்டர் அதைக் கோப்பில் செருகி வைத்தார், திட்டவில்லை.

சிகிச்சையையே விட்டுவிட்டு மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பியவர்களின் கதி வேறு. அமெரிக்கப் பதிவுகளை ஆராய்ந்து 2018இல் வந்த கட்டுரையின்படி, அவர்கள் இறக்கும் அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் ஐந்து மடங்குக்கும் மேல்.

நம் மலேசியாவில் இதற்கு வழிமுறை இல்லாமல் இல்லை. 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, நிறைவு மருத்துவச் சட்டத்தின்கீழ் வைத்தியர்கள் பதிவு செய்துகொள்ள மன்றம் இருக்கிறது. அரசாங்க மருத்துவமனைகளில் பாரம்பரிய மருத்துவப் பிரிவு 2007இல் தொடங்கியதே நம் பினாங்கு மாநிலத்துக் கெப்பளா பத்தாஸில்தான். மருந்துப் புட்டியில் ‘மால்’ (MAL) என்று தொடங்கி, எண்களுக்குப் பின் ‘டி’ (T) என்று முடியும் பதிவெண் இருந்தால் அது பாரம்பரிய மருந்தாகப் பதிவானது. என் நாத்தனார் கொண்டு வந்த புட்டியில் அது இல்லை. 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்ததில் ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்ததைக் கண்டது. லெபோ பசாரில் கடை கடையாக ஏறி இறங்கும் நம்மவர்களில் எத்தனை பேர் அந்த எண்ணைத் திருப்பிப் பார்க்கிறோம்?

கடைசியாகத் தங்களிடம் ஒரு கோரிக்கை. அந்தக் கட்டுரையின் கீழேயே, புற்றுக்கட்டியை 40 நாளில் கரைக்கும் என்று ஒரு லேகியத்தின் விளம்பரம் இருந்தது. புற்றுநோயைக் குணப்படுத்துவதாகப் பொதுமக்களுக்கு மருந்து விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடுக்கிறது. அந்த விளம்பரத்தை நிறுத்தி, அதே இடத்தில், கட்டுரையாளரைக் கொண்டே பதிவெண் பார்ப்பது எப்படி, முதல் சந்திப்பில் வைத்தியரிடம் என்னென்ன தாள்களைக் காட்ட வேண்டும் என்று நான்கு வரி எழுதச் சொல்லுங்கள். அவர் நன்றாக எழுதுகிறவர்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
ஆயர் ஈத்தாம், பினாங்கு