1.73 லட்சத்துக்குப் பயந்து 92 லட்சத்துக்கு வீடு வாங்கப் பார்த்தோம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் நாளிதழின் வீடு-மனை பக்கத்தில், வேலை மாற்றலாகி வேறு மாநிலம் போகிறவர்களுக்கு ஒருவர் யோசனை எழுதியிருந்தார். போன கையோடு வீடு வாங்கிவிட வேண்டுமாம், வாடகை தண்டமாம். படித்துவிட்டுக் கணவரிடம் நீட்டினேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதையேதான் 2022-ல் சொந்தக்காரர், சிநேகிதர், வீட்டுத் தரகர் என்று பார்த்தவர்கள் எல்லாரும் எங்களிடம் சொன்னார்கள்.

நான் பதினேழு வருடம் சென்னையில் கணக்கு டீச்சராக இருந்தவள். அப்படியிருந்தும் என் சொந்த வீட்டுக் கணக்கை ஒரு தடவைகூட உட்கார்ந்து போட்டுப் பார்க்காமல் ஒன்றே முக்கால் வருடம் ஓடியிருக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளமாகப் போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

2022 ஜனவரியில் அவருக்கு பெங்களூருக்கு மாற்றல் வந்தது. வாடகைக்கு ஒரு வீடு பிடித்து, பெட்டிகளைப் பிரிப்பதற்கு முன்பே ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு பார்க்கக் கிளம்பிவிட்டோம். மார்ச்சில் சர்ஜாபூர் சாலைப் பக்கம் ஒரு அடுக்குமாடியில் முதல் மாடி வீடு அமைந்தது. விலை 84 லட்சம். அந்த ஊரில் மார்ச் மாதம் தெருவெல்லாம் இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கும். அந்த நேரத்தில் எந்தத் தெருவைக் காட்டினாலும் பிடித்துத்தான் போகும். "மேடம், இன்னைக்கு விட்டா நாளைக்கு இருக்காது" என்றார் தரகர். 2 லட்சம் முன்பணம் கொடுத்தோம்.

மீதியைச் சென்னை வீட்டை விற்றுக் கட்டுவதாகத் திட்டம். அதை வாங்க வந்தவருக்கு வங்கிக் கடன் கிடைக்கத் தாமதமானது. தாய்ப்பத்திர நகல் வேண்டும், வில்லங்கச் சான்று இன்னும் சில வருடம் பின்னாலிருந்து வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். இந்தப் பக்கம் பெங்களூர்க்காரர் மே மாதம் வரை பொறுத்தார். அப்புறம் வேறொருவருக்கு விற்றுவிட்டு, எங்கள் முன்பணத்தில் ஒரு லட்சத்தைப் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தார். அன்று ராத்திரி நான் அழுதேன். அடுத்த மாதமே, ஜூனில், சென்னை வீடு பத்திரமாகி எங்கள் கையைவிட்டுப் போனது. அங்கேயும் வீடில்லை, இங்கேயும் வீடில்லை.

அந்த வருடம் செப்டம்பர் 4 ராத்திரி பெய்த மழையை அங்கே இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெள்ளந்தூர், சர்ஜாபூர் சாலை, வெளிவட்டச் சாலை எல்லாம் தண்ணீர். கணினி நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்கள் டிராக்டரில் ஏறி ஆபீஸ் போனதைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. இரண்டு வாரம் கழித்து, சும்மா இருக்க முடியாமல், நாங்கள் கோட்டைவிட்ட அந்த வீட்டைப் பார்க்கப் போனேன். கீழ்த்தளக் கார் நிறுத்தத்தில் இன்னும் பம்பு ஓடிக்கொண்டிருந்தது. சுற்றுச்சுவரில் என் இடுப்பு உயரத்துக்கு ஒரு சேற்றுக் கோடு. வாசல் காவலாளி, வந்து போகிறவர்கள் கையெழுத்துப் போடும் நோட்டைத் திண்ணையில் விரித்து, பறக்காமலிருக்க நாலு மூலையிலும் கல் வைத்து வெயிலில் காயவைத்திருந்தார். பக்கம் முழுக்க நீல மசி பரவிக் கிடந்தது. மார்ச்சில் நான் எழுதிய பெயரும் அதில் எங்கேயோ கரைந்திருக்கும். போன ஒரு லட்சத்துக்காக அழுவதை அன்றோடு நிறுத்தினேன்.

அதற்காக நாங்கள் அறிவாளிகளாகிவிடவில்லை. இரண்டாவது தப்பு அங்கேதான் தொடங்குகிறது.

பழைய வீட்டை விற்று வந்த லாபத்துக்கு வரி கட்டாமலிருக்க, அப்போதிருந்த 1961 வருமான வரிச் சட்டத்தின் 54-வது பிரிவு ஒரு கெடு வைத்திருந்தது. விற்ற நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் வேறு வீடு வாங்க வேண்டும், புதிதாகக் கட்டுவதானால் மூன்று வருடம். எங்கள் கெடு 2024 ஜூன். வீட்டை 2009-ல் 24 லட்சத்துக்கு வாங்கி 62 லட்சத்துக்கு விற்றிருந்தோம். "38 லட்சம் லாபம், 20 சதவீதம் வரி, ஏழரை லட்சம் போயிடும். சீக்கிரம் எதையாவது வாங்கு" என்றார் என் மைத்துனர். அந்த ஏழரை லட்சம் என் தலைக்குள் உட்கார்ந்துகொண்டது. நாற்பது வீடாவது பார்த்திருப்போம். ஒன்றும் பிடிக்கவில்லை, காலண்டர் மட்டும் நகர்ந்தது.

2023 ஜூலையில் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யப் போனபோது ஆடிட்டர் கேட்டார்: "வீடு வித்த லாபத்தை எந்தக் கணக்கில போட்டீங்க?" அதற்கென்று ஒரு கணக்கு இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. வீடு வாங்கும் வரை அந்த லாபத்தை மூலதன ஆதாயக் கணக்கு என்று வங்கியில் தனியாகப் போட்டுவைக்க வேண்டும், அதுவும் தாக்கலுக்கான கடைசித் தேதியான ஜூலை 31-க்குள். முதல் கிளையில் சேமிப்புக் கணக்கு விண்ணப்பத்தை எடுத்துக் கொடுத்தார்கள். இரண்டாவது கிளையில் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்றார்கள். மூன்றாவது கிளையில் ஓய்வு பெறப் போகிற ஒரு அம்மாள் பீரோவிலிருந்து படிவத்தைத் தேடி எடுத்தார். ஆடிட்டர் சொன்னபடி 28-ம் தேதி எட்டரை லட்சம் போட்டேன். ஏன் 38 லட்சம் போடச் சொல்லவில்லை என்று கேட்க வேண்டுமென்று எனக்குத் தோன்றவில்லை பாருங்கள். கணக்கு டீச்சர்!

2024 மார்ச்சில் பெங்களூரில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். அந்த வெயிலில்தான் 92 லட்சத்துக்கு ஒரு வீடு பார்த்தோம். தண்ணீர் லாரி ரசீதுகளைக் காட்டுங்கள் என்றேன். விற்பவர் பேச்சை மாற்றினார். விலையில் ஒரு ரூபாய் இறங்கவில்லை. ஏன் என்று பிறகு புரிந்தது. எங்களுக்கு ஜூனுக்குள் வாங்கியாக வேண்டும் என்பதைத் தரகர் அவரிடம் சொல்லியிருந்தார். நம் கெடு எதிராளிக்குத் தெரிந்துவிட்டால் அப்புறம் பேரத்துக்கு என்ன வேலை?

முன்பணம் கொடுப்பதற்கு முதல் நாள் ராத்திரி, மகளின் ரஃப் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாங்கள் விற்றபோது இருந்த விதிப்படி, வாங்கிய விலையை விலைவாசிக் குறியீட்டால் உயர்த்திக் கணக்கிடலாம். 2009-10-க்குக் குறியீடு 148, 2022-23-க்கு 331. 24 லட்சத்தை 331-ஆல் பெருக்கி 148-ஆல் வகுத்தால் 53 லட்சத்து 68 ஆயிரம். அப்படியானால் லாபம் 8 லட்சத்து 32 ஆயிரம்தான். அதில் 20 சதவீதம், அந்த வரிக்கு மேல் 4 சதவீதம் செஸ் என்கிற கூடுதல் வரி. மொத்தம் 1 லட்சத்து 73 ஆயிரம் ரூபாய்.

மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பிக் காட்டினேன். இந்த 1.73 லட்சத்தை மிச்சம் பிடிக்கத்தான் தண்ணீர் இல்லாத வீட்டுக்கு 92 லட்சம் கொடுக்க இருந்தோம். காலையில் தரகருக்கு போன் செய்து வேண்டாம் என்றேன். ஜூன் வந்தது, போனது. ஒன்றும் ஆகவில்லை.

அந்த அக்டோபரில் மறுபடி பெருமழை. குடையோடு போய்ப் பார்த்த ஒரு வீட்டில், தெருவிலும் தண்ணீர் தேங்கவில்லை, மொட்டை மாடிச் சுவரிலும் ஈரம் இல்லை. கேட்ட விலை 90 லட்சம். நடுவில் அந்த ஊரில் பத்திரப்பதிவுக்கு இ-கத்தா என்கிற மாநகராட்சியின் மின்னணுச் சொத்து ஆவணம் கட்டாயம் என்று வந்துவிட்டது. விற்பவரிடம் அது தயாராக இல்லாததால் இழுத்தது. எங்களுக்கு அவசரமில்லை, அவருக்குத்தான் இருந்தது. 2025 ஜனவரியில் 86 லட்சத்துக்குப் பதிவானது. பேரத்தில் குறைந்ததே வரியைப் போல இரண்டு மடங்குக்கு மேல்.

கட்டுரையாளர் பத்திரச் செலவைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து எங்களுக்கு ஐந்தரை லட்சத்துக்கு மேல் ஆனது. தமிழ்நாட்டில் இது 9 சதவீதம், 2023 மார்ச் வரை 11. கணவருக்கு மூன்று வருடத்தில் அடுத்த மாற்றல் வந்தால் இந்தப் பணம் போனதுதான். வீட்டுக்கடன் அசலுக்கு வருமான வரியில் 80சி பிரிவில் பெற்ற சலுகையும், வீடு கைக்கு வந்த நிதியாண்டு முடிந்து ஐந்து வருடம் ஆவதற்குள் விற்றால் வருமானத்தில் திரும்பச் சேர்ந்துவிடும். மாற்றலாகும் வேலையில் இருப்பவரிடம் "உடனே வாங்கு" என்று சொல்லும் முன், இந்த ஊரில் ஐந்து வருடம் இருப்பீர்களா என்றாவது கேட்டிருக்கலாம்.

வட்டி குறையும்போது வாங்குங்கள் என்கிற யோசனையும் அப்படித்தான். நாங்கள் 2022 மார்ச்சில் 50 லட்சம் கடனில் அந்த வீட்டை வாங்கியிருந்தால் மாதத் தவணை 38,000 ரூபாய். அப்போது ரெப்போ விகிதம், அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி, 4 சதவீதம். அடுத்த பிப்ரவரிக்குள் அது ஆறரைக்கு ஏறிவிட்டது. தவணை 45,000-ஐத் தாண்டியிருக்கும், இல்லையென்றால் கடன் காலம் நீண்டிருக்கும். வட்டியை நாம் எங்கே கணிப்பது!

யாராவது என்னிடம் கேட்டால், வாங்குவதை அல்ல, விற்பதைத் தள்ளிப்போடுங்கள் என்பேன். பழைய வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுப் போங்கள். புது ஊரில் ஒரு மழையையும் ஒரு கோடையையும் வாடகை வீட்டில் இருந்து பாருங்கள். பலருக்கும் தெரியாத விஷயம், அதே கெடு விதி புது வீட்டை முதலில் வாங்கிவிட்டு, ஒரு வருடத்துக்குள் பழையதை விற்கவும் இடம் கொடுக்கிறது. கொஞ்ச நாள் இரண்டு பாரத்தையும் தாங்கக் கையில் பணம் வேண்டும், அது எல்லாருக்கும் முடியாது, தெரியும். முடியாதவர்கள் விற்கத்தான் வேண்டும். அவர்களும் கெடுவைப் பார்த்து மிரளும் முன், தங்கள் லாபத்துக்கு உண்மையில் எவ்வளவு வரி என்று ஒரு தாளில் போட்டுப் பார்க்கட்டும். 2024 ஜூலை 23 முதல் விற்கிறவர்களுக்கு விதி மாறியிருக்கிறது. அந்தத் தேதிக்கு முன் வாங்கிய வீடானால், குறியீடு இல்லாமல் 12.5 சதவீதமா, குறியீட்டோடு 20 சதவீதமா, எது குறைவோ அதைக் கட்டலாம். எங்கள் லாபம் இதைவிடப் பெரிதாக இருந்திருந்தால் ஒருவேளை ஜூனுக்குள் வாங்கியிருக்கவும் கூடும். கணக்கு எந்தப் பக்கம் சொல்கிறதோ அந்தப் பக்கம்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்த மூலதன ஆதாயக் கணக்கைப் பற்றித் தங்கள் பக்கத்தில் விளக்கமாக ஒரு கட்டுரை போடுங்கள். திறப்பதற்கே மூன்று கிளை ஏறி இறங்கினேன். மூடுவதற்கு 'ஜி' படிவத்தில் வருமான வரி அதிகாரியின் ஒப்புதல் வேண்டுமாம். எனக்குப் படிவம் தேடிக் கொடுத்த அம்மாள் ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது அந்த இடத்தில் இருக்கும் பையன், "அது எந்தக் கணக்கு மேடம்?" என்று என்னையே கேட்கிறான்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
பெங்களூரு.