பிரகார நடைபாதை திருப்பணி நிறைவு: உறுப்பினர்களுக்கு கமிட்டியோட பதில்

உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கமுங்க. பிரகாரத்து வேலை முடிஞ்சுது. குழாய் மாத்துனது, ஃபோகஸ் லைட்டு, மடப்பள்ளி சிங்க், இதெல்லாம் பேசுன தொகைக்குள்ளயே முடிஞ்சுது. சண்டையெல்லாம், சுத்தி வர்றவங்களுக்கு கால் சுடாம இருக்க போட்ட பந்தல்லயும் தரைக்கு அடிச்ச வெள்ளை பெயிண்ட்லயும்தான், "தரைக்கு பெயிண்ட் அடிக்க இவ்வளவா"ன்னு வாட்ஸ்அப் குரூப்ல ஆரம்பிச்சு எங்கெங்கயோ போயிருச்சு, அதனால அதை மட்டும் விவரமா எழுதறேன்.

கெழக்கு வாசல்ல பந்தல் போடாம வடக்கயும் தெக்கயும் மட்டும் போட்டது ஏன்னு கேக்கறாங்க. கெழக்கு பிரகாரத்துல காலைல மதில் நிழலு விழும், மத்தியானத்துக்கு மேல உள்சுவர் நிழலு விழும், மேக்கயும் அப்படித்தான், எப்படியும் அரை நாளு கல்லுக்கு ஓய்வு கெடைக்குது. வடக்கும் தெக்கும் சூரியன் போற திசையிலயே நீளமா கெடக்கறதால சித்திரை வைகாசியில காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் வெயில்தான். நம்ம கரூர் பக்கம் ஏப்ரல் 18, 19 வாக்குல பகல் 12:15 தாண்டுனா சூரியன் நேர் உச்சி, மதில் நிழலு மதிலுக்கு அடியிலயே நிக்கும், ஒதுங்க எடமிருக்காது. கெழக்கு வாசல்ல போட்டாத்தான் உபயதாரர் பேரு எல்லாருக்கும் தெரியும்ங்கறது எங்களுக்கும் தெரியுமுங்க, ஆனா கால் சுடறது வடக்கயும் தெக்கயும்தானே.

தகர ஷீட்டு வேண்டாம்னு சொன்னதுக்கும் சிலருக்கு வருத்தம், ஷீட்டு உபயம் தரேன்னவரு பெரிய மனுசரு. தகரம் சூடானா அந்த அனல் கீழ நிக்கறவங்க தலையிலதான் எறங்கும், காத்தும் மேல போகாது. அதான் காத்து போற ஷேட் நெட் வலை.

தண்ணி தெளிச்சா போதாதான்னு கேட்டவங்களுக்கு: ஈரம் இருக்கற வரைக்கும்தான் குளிர்ச்சி, தண்ணி ஆவியாகறப்பதான் கல்லுல இருந்து சூட்டை எடுத்துட்டு போகுது. மத்தியானம் தெளிக்கறது காஞ்சுபோக எத்தனை நேரமாகும், மே மாசம் போர்ல தண்ணி எங்க இருக்கு? தேங்காநார் மேட்டு நல்லதுதான், அதுவும் வெயில்ல சூடாகும், ஆனா கல்லு மாதிரி அந்த சூட்டை கடகடன்னு காலுக்கு தள்ளாது. அபிஷேக தண்ணி பட்டா ஊறி நாறுதுங்கறதால சன்னதி முன்னால மட்டும் எடுத்துட்டோம்.

இப்ப பெயிண்ட். திருமலையில மாட வீதிக்கு அடிக்கறாங்களே, அதே மாதிரி வெயிலை திருப்பி அனுப்பற கூல் பெயிண்ட்தான். நம்ம ரதவீதியில புதுசா போட்ட தார் ரோட்டை பாருங்க, வெயில்ல 100க்கு 95 பங்கை அதுவே குடிச்சுரும், மத்தியானம் 60 டிகிரியை தாண்டும், அந்த சூட்டுல கொழந்தை கால் வெச்சா சில செகண்டுலயே கொப்பளம். ரோடு பழசாகி ஜல்லி தெரிஞ்சு சாம்பக்கலரு ஆனா கொஞ்சம் கொறையும். கருங்கல்லு அந்தளவு கறுப்பு இல்லீங்க, ஆனா தடியா இருக்கு, பகலெல்லாம் வாங்கி வெச்சுட்டு பிரதோஷ நேரத்துலதான் வெளிய விடும். சுத்தியும் மதில் வேற, கல்லு சூடு வானத்துக்கு போற வழி கம்மி, அதனால ஆறறதுக்கும் லேட்டு.

அப்பறம் ஏன் முழு பிரகாரத்துக்கும் அடிக்காம 6 அடி பட்டை மட்டும்னா, திருப்பி அனுப்பற வெயிலு எங்கயோ போயி விழணும்ல, நடக்கறவங்க மூஞ்சியிலதான் விழும். அமெரிக்காவுல ஃபீனிக்ஸ் ஊர்ல 2020ல இருந்து ரோட்டுக்கே இந்த மாதிரி பூசி, அரிசோனா ஸ்டேட் யுனிவர்சிட்டிக்காரங்க அளந்து பாத்தாங்க, தரை சூடு நல்லாவே கொறஞ்சுது, ஆனா மத்தியானம் அதுமேல நடக்கற ஆளுக்கு எதிரொளி சூடு கூடுதலா இருந்துச்சு. கண்ணு கூசுதுன்னு போன வாரம் சொன்ன அம்மாவும் அதைத்தான் சொன்னாங்க.

கான்ட்ராக்டர் விசயத்துக்கு வரேன். பேரு போடல, போட வேண்டாம்னு கமிட்டியில முடிவு. தெக்கு பக்கம் மொத கோட்டு அடிச்சது பட்டப்பகல்ல, கல்லு கொதிக்கறப்ப, வெளக்கெண்ணெய் பிசுக்கையும் கழுவாம. பெயிண்ட் கல்லுல பிடிக்கறதுக்குள்ள மேல காஞ்சுருச்சு, பத்து நாள்ல அப்பளமா பேந்து வந்துச்சு, ஓரத்துல நகத்தை வெச்சா ஒரு ஜாணுக்கு அப்படியே உரிஞ்சு வருது, அடியில எண்ணெய் மினுமினுக்குது. கேட்டா பக்தர்கள் காலு தேச்சுதான் போச்சுன்னாரு. காலு படாத சுவரோரத்துலயும்ல பேந்துருக்குன்னோம், பதிலில்ல. அதோட ஈரத்துல வழுக்கவும் செஞ்சுது, மணல் கலந்து அடிங்கன்னா, மணல் போட்டா அழுக்கு பிடிச்சு குளிர்ச்சி கொறையும்னாரு. அது நெசந்தான், ஆனா கொஞ்சம் சூடு கூடுனா பரவால்லைங்க, வயசானவங்க விழுந்து இடுப்பு ஒடையக் கூடாது. கடைசியில பாக்கி பணத்தை நிறுத்தி வெச்சு, சோடா போட்டு கழுவி, ராத்திரி கல்லு ஆறுன பொறவு லைட்டு கட்டி மணல் கலந்து திரும்ப அடிச்சோம். ராத்திரி கூலி ஜாஸ்தி. பட்ஜெட் தாண்டுனது இங்கதான், வேற எங்கயும் இல்ல.

ஒரு தம்பி, பொருள் விடற சூட்டு ஒளியை வெச்சு தொடாமலே சூடு அளக்கற டெம்பரேச்சர் கன்னு கொண்டு வந்து கொடிமரத்துகிட்ட இருக்கற ஸ்டீல் தகட்டை காட்டி "பெயிண்டை விட இது குளிர்ச்சி, பூரா ஸ்டீல் போட்டிருக்கலாம்"னு வீடியோவே போட்டாரு. பளபளன்னு இருக்கற ஸ்டீலு சூட்டை ஒளியா வெளிய விடறது ரொம்ப கம்மி, அந்த கன்னுக்கு தெரியறது வானத்தோட பிம்பந்தான். தம்பி, செருப்பை கழட்டிட்டு அந்த தகட்டுல நின்னு ஒரு வீடியோ போடுங்க.

உபயம்: நெட்டு முழுக்க ஜவுளி ஏத்துமதி அண்ணன், கம்பி பைப்பு பஸ் பாடி பட்டறைக்காரங்க, பெயிண்ட்ல பாதி பாத்திரக்கடை குடும்பம், மீதி பெங்களூர்ல இருக்கற நம்ம ஊரு பசங்க, ராத்திரி டீயும் பன்னும் மகளிர் குழு, மணல் செங்கல் சூளை மாமா, கழுவற தண்ணிக்கு லாரி பால் சொசைட்டி தலைவரு, பேரே சொல்லாம உண்டியல் பக்கம் கவரு வெச்சுட்டு போனவங்க ரெண்டு பேரு. பேரெல்லாம் போர்டுல இருக்கு, எழுத்துப்பிழை இருந்தா ஆபீஸ்ல சொல்லுங்க, குரூப்ல போடாதீங்க.

பில்லு பூராவும் ஃபைல்ல இருக்கு, ஞாயித்துக்கெழமை பூஜை முடிஞ்சதும் யாரு வேணாலும் வந்து பாக்கலாம். கான்ட்ராக்டர் பாக்கி அடுத்த மழை தாங்குனா மட்டுந்தான். மீதி பெயிண்ட் வாகன மண்டபத்துல பூட்டி இருக்கு, பங்குனிக்கு முன்னாடி ஒரு கோட்டு அடிக்கணும், அதுக்கு உபயதாரர் இன்னும் வரல.

இப்படிக்கு,
செயலாளர்