ரெண்டு பேர் இல்லை கோமு, ஒருத்தர்தான்

சன்னிவேல்
டிசம்பர் 8

அன்புள்ள கோமு,

உன் தீபாவளிக் கடிதத்துக்கு இன்னும் பதில் போடவில்லையே என்று தினமும் உறுத்திக்கொண்டே இருந்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அவருக்கு முட்டி வலி அப்படியே இருக்கிறது. சின்னவள் வேலை மாறிவிட்டாள். கொல்லைப்புறச் சுவர், தெற்கு வீதி மாமி, நீ அனுப்பச் சொன்ன மருந்து எல்லாவற்றுக்கும் தனியாக எழுதுகிறேன். இன்றைக்கு ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆகணும்.

1999-ல் ஊருக்கு வந்தபோது மைக்கேல் ஹெட்ஜஸ் என்கிற அமெரிக்கர் வாசித்த கிட்டார் கேசட் ஒன்று கொண்டுவந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? கரண்ட் போன ராத்திரி, உங்கள் மொட்டை மாடியில், டேப்பில் பேட்டரி போட்டுக் கேட்டோம். "இது ரெண்டு பேர் வாசிக்கிறது" என்று நீ அடித்துச் சொன்னாய். ஒருத்தர்தான் என்றேன் நான். ஒரு டபரா காப்பி பந்தயம். நான் கிளம்புகிறவரை நீ ஒத்துக்கொள்ளவே இல்லை.

சனிக்கிழமை ராத்திரி கண்ணால் பார்த்துவிட்டேன். ஒருத்தர்தான் கோமு. எனக்குக் காப்பி பாக்கி.

அந்த மைக்கேல் ஹெட்ஜஸ் நினைவாகப் பெர்க்லியில் ஒரு தனிக் கச்சேரி. நூறு நாற்காலி போட்ட சின்ன அரங்கம். வாசித்த பையனுக்கு முப்பது வயது இருக்கும். ஹெட்ஜஸ் போனபோது கைக்குழந்தையாக இருந்திருப்பான். பக்கவாத்தியம் இல்லை. ஒரு கிட்டார், ஒரு நாற்காலி, ஒரு சொம்புத் தண்ணீர் அளவுக்கு ஒரு பாட்டில். எனக்கு இரண்டாவது வரிசையில் இடம் கிடைத்ததால் விரல் விரலாகப் பார்த்தேன்.

நீ ரெண்டு பேர் என்றதில் தப்பே இல்லை. இடது கை அழுத்தி வலது கை மீட்டுவதுதானே நம் வீணையில் நமக்குத் தெரிந்த வழக்கம்? இங்கே இடது கை விரல், தந்திக்குக் கீழே குறுக்காகப் பதித்த மெட்டின்மேல் ஓங்கி விழுந்த வேகத்திலேயே தந்தி பேசிவிடுகிறது. வலது கைக்கு மீட்டுகிற வேலை இல்லாததால் அதுவும் மெட்டுப் பலகைக்கு வந்து, அதே தந்திகளை வேறு இடத்தில் தட்டுகிறது. தட்டிய உடனே விரல் எகிறிவிட வேண்டும். அப்போதுதான் மணி அடித்தாற்போல அந்த மேல் ஸ்தாயி நாதம் வரும். நீ கேட்ட அந்த ரெண்டாவது ஆள் அதுதான். நடு நடுவே உள்ளங்கை பலகையில் விழும்போது மிருதங்கக்காரர் ஒருவர் ஒளிந்திருக்கிறாரோ என்று தோன்றுகிறது.

ஆனால் எனக்குப் பெரிதாகப் பட்டது இந்தத் தட்டு இல்லை. ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு சுருதி! கிட்டாரில் வழக்கமாக எந்த உருப்படிக்கும் ஆறு தந்தியின் சுருதிச் சேர்க்கை ஒன்றேதான். ஹெட்ஜஸ் அனேகமாக ஒவ்வொரு உருப்படிக்கும் வேறு வேறாக அமைத்தார். அதனால் கச்சேரியில் பாதி நேரம் அந்தப் பையன் தந்தியை முறுக்குகிற பிரடையைத் திருகிக்கொண்டேதான் இருந்தான். ஆறாவது தந்தியை இறக்க இறக்க அது தொளதொளவென்று தொங்கி, கொடிக்கயிறு மாதிரி ஆடுகிறது. ஐந்தாவதை அதற்கு நேர்மாறாக ஏற்றுகிறான். அறுந்துவிடுமோ என்று எனக்கு வயிறு கலங்கியது. அறுபது எழுபது பேர் இருந்தோம், ஒருவரும் போனை எடுக்கவில்லை. கச்சேரி ஆரம்பிக்கும் முன்னால் தம்புராவுக்குச் சுருதி சேர்க்கும்போது ஒரு அமைதி வருமே, அது அன்றைக்கு எட்டு ஒன்பது தடவை வந்தது.

இந்த இடத்தில்தான் உன்னை நினைத்துக்கொண்டேன். 1984-ல் வந்த 'ஏரியல் பவுண்டரீஸ்' ஆல்பத்தின் முதல் உருப்படி, நாம் மாடியில் கேட்டது, அதற்கு ஹெட்ஜஸ் வைத்த சேர்க்கை, மேற்கத்திய சுரப் பெயரில், ஆறாவது தந்தியிலிருந்து சி, சி, டி, ஜி, ஏ, டி. சி-யை ஷட்ஜமாக வைத்துக்கொள். ச ச ரி ப த ரி! க இல்லை, ம இல்லை; காந்தாரமும் இல்லை, மத்யமமும் இல்லை. காந்தாரம் வந்து உட்கார்ந்தால் மோகனம், மத்யமம் வந்தால் சுத்த சாவேரி. இரண்டுக்கும் வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு வெறும் தந்திகள் காத்திருக்கின்றன. அவருக்கு இந்த ராகப் பெயர்களெல்லாம் தேவைப்பட்டிருக்காது. அவர் ஓக்லஹோமாவில் ஈனிட் என்கிற ஊரில் வளர்ந்து, பால்டிமோரில் பீபாடி கன்சர்வேட்டரியில் படித்தவர். தன்னைக் கிட்டார்க்காரர் என்பதைவிட இசை எழுதுகிறவராகத்தான் நினைத்தார். ஆனாலும் இருட்டில் உட்கார்ந்து "கோமு, காந்தாரம் எங்கேடி?" என்று நான் முணுமுணுத்ததைக் கேட்டுப் பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

இன்னொன்று. ஒரு சுரம் எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்பதைப் போலவே எங்கே நிற்க வேண்டும் என்பதும் ஹெட்ஜஸுக்குக் கணக்கு. கீழ்த் தந்தி ஒலித்துக்கொண்டே இருந்தால் அடுத்த சுரத்தோடு கலந்து குழம்பிவிடும் இல்லையா? அதனால் தட்டுகிற விரலுக்கு இருக்கிற வேலை, அணைக்கிற விரலுக்கும் உண்டு. பையனின் கட்டைவிரல் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மீட்டிய தந்திக்கு ஒரு நொடி கழித்துத் திரும்பி வந்து, தூங்குகிற குழந்தையைத் தொடுவதுபோலத் தொட்டு அடக்குகிறது. "தந்தியை ஊளையிட விடாதே" என்று வீணை டீச்சர் நம் மணிக்கட்டில் தட்டியதெல்லாம் ஞாபகம் வந்தது.

எல்லாமே நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். வேகமான உருப்படிகளில் பையன் பலத்தைக் காட்டினான். கைதட்டல் அதற்குத்தான் அதிகம். எனக்கு அங்கே இசை கொஞ்சம் விலகிப் போனதாகத்தான் பட்டது. ஆனால் ஹெட்ஜஸ் ஹார்ப் கிட்டாரில் வாசித்தவற்றை அவன் தொடவில்லை. அதில் நம் தாளத் தந்திகள்போலத் தனியாக, மெட்டில்லாத தந்திகள் உண்டு. இங்கே அவை கீழ் ஸ்தாயிக்கு. "அந்த வாத்தியம் என்னிடம் இல்லை, இல்லாமல் வாசிக்க மாட்டேன்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த சுருதிக்குப் போய்விட்டான். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவன்மேல் எனக்கு மரியாதை வந்தது.

மறுநாள் இவரை அழைத்துக்கொண்டு பாலோ ஆல்ட்டோ போனேன். வார்சிட்டி தியேட்டர் என்று ஒன்று அங்கே இருந்தது. ஹெட்ஜஸ் வாசித்ததை வில்லியம் ஆக்கர்மன் அங்கேதான் கேட்டார். கேட்ட இடத்திலேயே, கைதுடைக்கிற காகிதத்தில் ஒப்பந்தம் எழுதினார் என்பார்கள். ஆக்கர்மனுடைய விண்டம் ஹில் இசைத்தட்டுக் கம்பெனிதான் 1981-ல் ஹெட்ஜஸின் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. பிற்பாடு அந்தக் கட்டிடம் புத்தகக் கடையாகி, காப்பிக் கடையாகவும் ஆனது. இத்தனை வருஷமாக அந்தத் தெருவில் எத்தனை தடவை நடந்திருப்பேன், தெரியாமலே போயிருக்கிறேன். வாசல் முற்றத்தில் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஹெட்ஜஸ் எப்படி இறந்துபோனார் என்று அன்றைக்கு மாடியில் உனக்குச் சொல்லவில்லை. 1997 கடைசியில், சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்திலிருந்து வடக்கே தன் வீட்டுக்குத் தனியாகக் கார் ஓட்டிப் போயிருக்கிறார். மெண்டோசினோ பக்கம் 128-ஆம் நம்பர் சாலை. மலையும் ரெட்வுட் மரங்களுமாக ஒரே வளைவு. நாங்கள் ஒரு கோடையில் போயிருக்கிறோம், பகலிலேயே எனக்குத் தலை சுற்றியது. வண்டி சாலையை விட்டு விலகிக் கீழே போய்விட்டது. சில நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். 43 வயது. அதற்குச் சில மாதம் கழித்து, 'ஆரக்கிள்' ஆல்பத்துக்கு அவர் இல்லாமலே கிராமி வந்தது.

அந்தச் சில நாள்தான் என்னை விடவில்லை கோமு. வண்டிக்குள் கிட்டார் இருந்ததா, இல்லையா என்றெல்லாம் மனசு எங்கெங்கோ போகிறது.

சரி, சொல்லிவிடுகிறேன். போன வாரம் உன் பெண் போன் பண்ணியிருந்தாள். அத்திம்பேர் போனதிலிருந்து நீ வீணையைத் திறக்கவே இல்லையாம். உறைக்குள்ளேயே அலமாரிமேல் கிடக்கிறதாம், மூன்று வருஷமாக. மெட்டைப் பிடித்திருக்கிற மெழுகு விரிசல் விட்டு இரண்டு மெட்டு பெயர்ந்துவிட்டது என்றாள். அவளைத் திட்டாதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். எனக்கு அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. நீ வாசிக்காமல் இருப்பது உன் துக்கம், அதில் நான் தலையிடவில்லை. ஆனால் அந்தப் பலாமர வீணையை இந்த மழையில் பூசணம் பிடிக்க விடாதே. உங்கள் ஊரிலிருந்து தஞ்சாவூர் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம்தானே? ஆசாரியிடம் எடுத்துப் போய்ப் புது மெழுகு வைத்துக்கொண்டு வா. செலவு என்னுடையது. இதில் சண்டை போடாதே, பந்தயத்தில் தோற்றவள் நீ.

வந்ததும் கச்சேரி வேண்டாம், கீர்த்தனை வேண்டாம், வர்ணம்கூட வேண்டாம். ச ச ரி ப த ரி மட்டும் மெதுவாக மீட்டிப் பார், ஒவ்வொன்றையும் முழுசாகக் கேட்டுவிட்டு விரலால் அணை. காந்தாரம் வருகிறதா மத்யமம் வருகிறதா என்று எனக்கு எழுது. நான் மத்யமம் என்று பந்தயம் கட்டுகிறேன்.

உன்
லலி