அந்தக் கடிதத்தை வாங்காதே, கண்ணு

கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள கண்ணுக்கு,

கனடாவில் வேலைக் கடிதம் வாங்க நீ கேட்ட பணத்தை நான் அனுப்பப் போவதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கடிதம் முழுக்க அந்தப் பதிலைத்தான் தேடிக்கொண்டிருப்பாய், மற்றது எதுவும் மனதில் நிற்காது.

பணம் இல்லாமல் இல்லை. போன பருவத்து மஞ்சள் இன்னும் குடோனில்தான் இருக்கிறது. ஈரோட்டுக்கு வண்டி ஏற்றினால் பாதி தேறிவிடும். மீதிக்கு உன் அம்மா, நீ போனில் சொன்ன அன்று இரவே, நகைப் பெட்டியை எடுத்து என் மேசைமேல் வைத்துவிட்டாள். "பிள்ளை அங்கே தவிக்கிறாள், நீங்கள் சட்டம் பேசுகிறீர்கள்" என்று இன்றுவரை முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள். நான் சட்டம்தான் பேசுவேன். சார்பதிவாளர் அலுவலகத்து வாசலில் பத்திரம் எழுதியே உன்னைப் படிக்க வைத்தவன் வேறு எதைப் பேசுவான்?

கனடாவிலேயே நிரந்தரமாகத் தங்க வழி செய்கிறேன் என்று அந்த ஆள் உன்னிடம் சொன்னதை மறுபடி எழுதுகிறேன், சரியா என்று பார். அவருக்குத் தெரிந்த ஒரு கடை முதலாளி உன் பெயரில் எல்எம்ஐஏ (வெளிநாட்டு ஆளை வேலைக்கு வைக்க முதலாளி வாங்கும் அரசு ஒப்புதல்) எடுத்து வேலைக் கடிதம் கொடுப்பார். அதற்குப் பன்னிரண்டு லட்சம். அதைக் காட்டினால் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற குடியேற்றத் தேர்வு முறையில் மதிப்பெண் ஏறும், பி.ஆர். என்ற நிரந்தர வசிப்புரிமை கையில் வந்துவிடும். இதுதானே?

கண்ணு, 2025 மார்ச் 25 முதல் வேலைக் கடிதத்துக்கு அந்தப் பட்டியலில் மதிப்பெண்ணே கிடையாது. முன்பு சாதாரண வேலைக்கு 50, உயர் நிர்வாகப் பதவிக்கு 200 என்று கொடுத்தார்கள். கடிதத்தை விலைக்கு விற்கிறார்கள் என்று தெரிந்துதான் அரசே அதை எடுத்துவிட்டது. அந்த ஆள் இன்னும் பழைய விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு வியாபாரம் செய்கிறார். வேலை அனுமதியை நீட்டிக்க எல்எம்ஐஏ உதவும் என்பது உண்மை. ஆனால் அதற்கு வேலை உண்மையாக இருக்க வேண்டும், வேலைக்கு வருகிறவரிடம் முதலாளி காசு வாங்கக் கூடாது. உனக்கோ படிப்புக்குப் பிறகு கொடுத்த மூன்றாண்டு அனுமதியில் இன்னும் பாதிக்கு மேல் மீதி இருக்கிறது.

அவருடைய பெயரையும் தேடிப் பார்த்தேன். அங்கே கட்டணம் வாங்கிக்கொண்டு குடியேற்ற ஆலோசனை சொல்கிற ஆலோசகர் அதற்கென்று உள்ள, கல்லூரி என்றே பெயர் கொண்ட ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு செய்திருக்க வேண்டும். வழக்கறிஞர் என்றால் வழக்கறிஞர் சங்கத்தில் இருக்க வேண்டும். ஆலோசகர்களின் பட்டியலை யாரும் இணையத்தில் பார்க்கலாம். நீ சொன்ன பெயர் அதில் இல்லை. "உதவி செய்கிறேன்" என்று மட்டுமே பேசி, ரசீது தராமல் ரொக்கம் கேட்கும்போதே நீ யோசித்திருப்பாய் என்று நினைக்கிறேன். யோசித்ததால்தான் என்னிடம் சொன்னாய்.

இதைவிடப் பெரிய பயம் எனக்கு வேறு. பொய்க் கடிதம் வில்லங்கம் உள்ள நிலம் மாதிரி. வாங்குகிற அன்று ஒன்றும் தெரியாது, விற்கப் போகிற அன்றுதான் தெரியும். 2023இல் பஞ்சாப் பிள்ளைகள் பலருக்கு நடந்ததைச் செய்தியில் பார்த்தோமே. கல்லூரி அனுமதிக் கடிதமே போலி என்பது, படித்து முடித்து, வேலையும் பார்த்து, பி.ஆருக்கு விண்ணப்பித்த பிறகுதான் பலருக்குத் தெரிய வந்தது. ஏஜென்ட் செய்தது என்று அவர்கள் சொன்னார்கள். விசாரணை என்னவோ பிள்ளைகள் மேல்தான் வந்தது. தவறான தகவல் கொடுத்ததாக முடிவானால் ஐந்து ஆண்டு அந்த நாட்டுப் பக்கமே போக முடியாது. கையெழுத்துப் போட்டவர்தான் பொறுப்பு. எந்த ஊர்ப் பத்திரத்திலும் இதுதான் வழக்கம்.

சரி, வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தால் நான் என்ன அப்பன்? நீ அனுப்பிய மதிப்பெண் தாளை வைத்துக்கொண்டு கூட்டிப் பார்த்தேன். வயதுக்கு 110, முதுகலைக்கு 135, ஆங்கிலத்துக்கு 92, அங்கே வேலை பார்த்த ஓராண்டுக்கு 40. படிப்போடு மொழியும் அனுபவமும் சேர்ந்ததற்கு 50, அந்த நாட்டிலேயே முதுகலை படித்ததற்கு 30. மொத்தம் 457. நீ சொன்ன கணக்கும் அதுதான். 2025இல் அங்கே வேலை பார்த்த அனுபவம் உள்ளவர்களை பி.ஆருக்கு விண்ணப்பிக்கச் சொல்லும் அழைப்புகளுக்கான குறைந்தபட்ச மதிப்பெண் 500ஐத் தாண்டியே நின்றது. உன் கவலை எனக்குப் புரிகிறது.

ஆனால் அந்த 92ஐப் பார். ஐஇஎல்டிஎஸ் தேர்வில் கேட்டலில் 7.5, மற்ற மூன்றிலும் 6.5 வாங்கியிருக்கிறாய். கேட்டலில் 8, மற்றவற்றில் 7 வந்தால் ஒவ்வொன்றுக்கும் 23 என்பது 31 ஆகிவிடும். அரை அரை மதிப்பெண்ணுக்கு 32 கூடுகிறது. வேலையில் இரண்டாம் ஆண்டு முடிந்தால் 40 என்பது 53. இரண்டும் சேர்ந்தால் 45. பன்னிரண்டு லட்சம் கொடுத்து வாங்கச் சொன்னார்களே, அது பழைய நாளிலேயே 50தான். பொதுப் பயிற்சித் தேர்வையே எழுது, கல்விப் பிரிவுத் தேர்வு இதற்குச் செல்லாது. சான்று இரண்டு ஆண்டுதான் நிற்கும் என்பதால் தேதியையும் பார்த்துக்கொள்.

இது மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. 502 என்பது வாசற்படியில் நிற்கிற எண். அதனால்தான் பிரெஞ்சு. நீ சிரிப்பாய் என்று தெரியும். ஆங்கிலத்தோடு பிரெஞ்சில் நான்கு திறனிலும் ஏழாம் நிலை எட்டினால் கூடுதலாக 50. அதோடு பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்று தனி அழைப்பே நடக்கிறது. 2025 மார்ச்சில் அப்படி ஓர் அழைப்பு 379க்கே இறங்கியது. எளிது என்று சொல்ல மாட்டேன். ஓராண்டாவது உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கும். ஆனால் காலையில் எழுந்து கீழ்பவானி வாய்க்கால் மேட்டில் நடந்துகொண்டே தமிழ்ச் செய்யுளை ஒப்பித்த பிள்ளை நீ. மாகாண நியமனம், அதாவது ஒரு மாகாண அரசே உன்னைப் பரிந்துரைப்பது, கிடைத்தால் 600 என்கிறார்கள், அது கிடைத்தால் இந்தக் கணக்கெல்லாம் தேவையே இல்லை. ஆனால் அது உன் கையில் இல்லாதது. விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு மறந்துவிடு.

இப்போது பார்க்கிற கணக்கு வேலையை மட்டும் விட்டுவிடாதே. சம்பளம் குறைவு என்று நீ புலம்பினாலும், தகுதிப் பட்டியலில் ஏறுகிற வேலை அதுதான். படிக்கும்போது காபிக் கடையில் நின்றது வயிற்றுக்கு உதவியதே தவிர, ஏட்டில் ஏறாது. முழுநேர மாணவராக இருந்தபோது பார்த்த எந்த வேலையும் ஏறாது. முதலாளியிடம் இப்போதே நல்ல முறையில் பேசி, நீ செய்யும் வேலைகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம் எவ்வளவு என்று விவரமாக எழுதிக் கேட்டு வை. பதவிப் பெயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதிகாரி பார்ப்பது செய்த வேலையைத்தான். சம்பளச் சீட்டு ஒன்றையும் தூக்கிப் போடாதே. அழைப்பு வந்தால் 60 நாள்தான் அவகாசம், அப்போது ஓடித் தேட முடியாது.

கல்யாணப் பேச்சு. அம்மா கோயம்புத்தூர்ப் பையன் ஒருவனின் ஜாதகத்தோடு காத்திருக்கிறாள். கணவரையும் சேர்த்து விண்ணப்பித்தால் உன் வயதுக்கான 110 என்பது 100 ஆகும், மொழியிலும் கொஞ்சம் குறையும், அவருடைய படிப்புக்கும் மொழிக்கும் தனியாகக் கொஞ்சம் வரும் என்று அவளிடம் விளக்கினேன். "கல்யாணத்துக்கு மதிப்பெண் குறைக்கிற ஊரில் பிள்ளையை விட்டு வைத்திருக்கிறீர்கள்" என்கிறாள். முடிவு உன்னுடையது. ஆனால் விண்ணப்பம் நடக்கும்போது கல்யாணம் ஆனால் மறைக்காமல் தெரிவித்துவிட வேண்டும். மறைத்தால் பின்னால் அந்தக் கணவரையே அழைத்துக்கொள்ள முடியாமல் போகும்.

கடைசியாகத் தோட்டம். உன் பெயருக்கு தான செட்டில்மென்ட் எழுதிவிடலாம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன் அல்லவா, அதை நிறுத்திவிட்டேன். படிக்கப் போனாலும் நீ இப்போது வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் கணக்குதான். அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்படி அப்படிப்பட்டவர் விவசாய நிலத்தை விலைக்கும் வாங்க முடியாது, தானமாகவும் பெற முடியாது. வாரிசாக வரலாம், அதற்குத் தடை இல்லை. அதனால் உயிலாக எழுதுகிறேன். நிலம் என் சுயார்ஜிதம், நானே சம்பாதித்தது, பங்காளிகள் கேள்வி கேட்க இடமில்லை. பி.ஆர். வாங்குவதால் உன் இந்தியக் குடியுரிமை போகாது. அதற்கு மேல் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கினால் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும், இரட்டைக் குடியுரிமை நமக்கு இல்லை; வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டைதான். அப்போதும் உயில் செல்லும். அதையெல்லாம் நீ அந்தக் கட்டம் வரும்போது யோசி, இப்போது உனக்கு வேறு வேலை இருக்கிறது.

பிரெஞ்சு வகுப்புக்கும் ஆங்கிலத் தேர்வுக்கும் எவ்வளவு என்று எழுது. அந்தப் பணத்தை மறுநாளே அனுப்புகிறேன், மஞ்சள் விலை எப்படி இருந்தாலும். அந்த ஆளுக்கு நீயே "வேண்டாம்" என்று எழுத்தில் பதில் போட்டு, அதன் நகலை எனக்கும் அனுப்பு. பாஸ்போர்ட், சான்றிதழ் நகல் எதையாவது ஏற்கனவே அவரிடம் கொடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்.

அம்மாவிடம் இன்று இரவு நீயே போனில் பேசு. நகைப் பெட்டி இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. நான் சொன்னால் எடுத்து வைக்க மாட்டேன் என்கிறாள்.

இப்படிக்கு,
அப்பா