டயாலிசிஸ் கையில் சீழ் வைத்தால் எங்கே அனுப்புவது?

தமிழ்நாடு அரசு மக்கள் நல்வாழ்வுத்துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். தாலுகா மருத்துவமனை ஒன்றின் டயாலிசிஸ் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருப்பதால், நகையை அடகு வைக்காமல் டயாலிசிஸ் செய்துகொண்டு போகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன். மெஷின் வந்துவிட்டது. டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையின் ரத்தக்குழாய்களை இணைத்துச் செய்யும் பிஸ்டுலாவிலோ, அதற்காகவே செயற்கைக் குழாய் வைத்துப் போடும் கிராஃப்டிலோ கிருமி புகுந்தால் அன்றைக்கே அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோக ஒரு வழி மட்டும் இன்னும் வரவில்லை.

நாங்கள் பார்ப்பது இதுதான். ஊசி போடும் இடத்தில் தோல் மெலிந்து பளபளக்கும். மேலே கறுத்த பொருக்கு, அதன் ஓரத்தில் ஒரு சொட்டுச் சீழ். "நேத்து ராத்திரி தலகாணியில ரத்தம் இருந்துச்சு சிஸ்டர், கொசு கடிச்சுச் சொறிஞ்சிருப்பாருன்னு விட்டுட்டேன்" என்பார் நோயாளியின் மனைவி. அந்தச் சின்னக் கசிவுதான் முன்னெச்சரிக்கை. நன்றாக முதிர்ந்த பிஸ்டுலாவில் நிமிடத்துக்கு 600 மில்லிலிட்டரோ அதற்கு மேலோ ரத்தம் ஓடும். அது வாய் திறந்தால் 108 வரும்வரை தாங்காது.

உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுக்கிறோம். ரத்தநாள சர்ஜன் ஓபி நாளை மறுநாள்தான் என்று சொல்லி, ஆன்டிபயாட்டிக் மாத்திரையோடு திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த டயாலிசிஸுக்கு அதே கையோடு எங்களிடமே வந்து நிற்கிறார்.

சொந்த ரத்தக்குழாயில் போட்ட பிஸ்டுலா என்றால், தோலளவில் இருக்கும் கிருமியை மருந்தால் அடக்கி, அந்த இடத்தில் ஊசி குத்தாமல் தப்பிக்க வழியுண்டு. செயற்கைக் குழாயான கிராஃப்ட் அப்படியில்லை. அதில் ஒட்டிக்கொண்ட கிருமியை மருந்து மட்டும் கொண்டு அழிப்பது மிகக் கடினம். ஒரு பகுதியில்தான் தொற்று என்றால் அதை மட்டும் வெட்டியெடுத்து, சுத்தமான தசை வழியே புதுத்துண்டு போட்டு இணைக்கலாம். குழாய் முழுக்கச் சீழ் சூழ்ந்திருந்தாலோ, ரத்தத்தில் கிருமி கலந்திருந்தாலோ முழுவதையும் எடுத்தாக வேண்டும். தள்ளிப்போட்டால் கிருமி இதய வால்வுக்கும் முதுகெலும்புக்கும் போய் உட்கார்ந்துவிடும். அடைத்துப்போய் வருடக்கணக்காகக் கையிலேயே கிடக்கும் பழைய கிராஃப்டையும் நினைவில் வையுங்கள். வெளியே சிவப்பும் இல்லை, வலியும் இல்லை. ஆனால் விட்டுவிட்டு வரும் காய்ச்சலுக்கு அதுவே காரணமாக இருப்பதுண்டு.

எடுத்த பிறகுதான் அடுத்த சிக்கல். டயாலிசிஸ் நிற்கக் கூடாதே, கழுத்தில் தற்காலிகக் குழாய் போடுகிறார்கள். எல்லா வழிகளிலும் கிருமி அதிகம் புகுவது அந்தக் குழாய் வழியாகத்தான். புது பிஸ்டுலா எப்போது, எங்கே என்று யாரும் சொல்லாமல் கழுத்துக் குழாயோடு மாதக்கணக்கில் வந்துபோகிறவர்களைப் பார்க்க எனக்கு மனசு ஆறுவதில்லை. கிருமியிலிருந்து காப்பாற்றப் போய் இன்னொரு கிருமிக்குக் கதவைத் திறந்து விடுகிறோம்.

அதனால் கேட்கிறேன். சீழோ கசிவோ உள்ள டயாலிசிஸ் கையை நெஞ்சுவலி போல அவசர நோயாக அறிவியுங்கள். ஒவ்வொரு டயாலிசிஸ் மையத்துக்கும், எந்த மருத்துவக் கல்லூரியின் ரத்தநாள அறுவைப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும் என்று முன்கூட்டியே எழுத்தில் கொடுங்கள். இரவிலும் எடுத்துப் பேசும் ஒரு தொலைபேசி எண் அதில் இருக்கட்டும். தொற்றுள்ள கிராஃப்டை அகற்றுவது, தற்காலிகக் கழுத்துக் குழாய், புது பிஸ்டுலா மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஒப்புதலாகக் காப்பீட்டில் கொடுங்கள். புது பிஸ்டுலாவுக்குத் தேதி குறிக்காமல் யாரையும் டிஸ்சார்ஜ் செய்ய வேண்டாம்.

ரத்தம் பீறிட்டால் துண்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டு ஓடாமல், ஓட்டையின் மேல் விரலால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வைக்க வேண்டும் என்பதைப் படத்தோடு அச்சிட்டுக் கொடுத்தால், ஒவ்வொரு குடும்பத்துக்கும் நாங்களே செய்து காட்டிச் சொல்லிக்கொடுக்கிறோம். அதற்கு உங்கள் சுற்றறிக்கை வரும்வரை காத்திருக்கவில்லை, வாயால் சொல்ல ஆரம்பித்துவிட்டோம்.

இப்படிக்கு,
டயாலிசிஸ் பிரிவுச் செவிலியர் ஒருவர்